சேற்றில் நின்றுபோகும் பழைய டிராக்டர்: பம்பைக் கழற்றும் முன் டேங்கைத் திறக்க வேண்டும்

கும்மிடிப்பூண்டி வட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 1990-களில் வாங்கிய 35 எச்.பி. டிராக்டர். மூன்று சிலிண்டர் என்ஜின், ரோட்டரி வகை டீசல் பம்ப். அப்பா வாங்கிய வண்டி. சொந்த நிலம் மூன்றரை ஏக்கர்தான். நவரைப் பட்டத்தில் அக்கம்பக்கத்துக் கழனிகளுக்குச் சேறடித்துக் கொடுத்து வரும் கூலியில்தான் வீட்டின் பெரிய செலவுகள் கழிகின்றன.

வண்டியின் நோயை அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆகிறது. ரோட்டில் வெறும் வண்டியாக ஓட்டினால் குறை தெரிவதில்லை. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கினால் 20 நிமிடத்தில் இழுவை குறைகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாமல், துடித்துத் துடித்து அடங்கிவிடுகிறது. அடங்கும்போது கரும்புகை இல்லை. பத்து நிமிடம் விட்டு செல்ஃப் அடித்தால் மறுபடி பிடிக்கிறது, மறுபடி 20 நிமிடம். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு, கழற்றி சென்னைக்கு அனுப்பணும், நாசிலும் சேர்த்து 20 ஆயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லிவிட்டார். இந்தப் பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு செய்யலாமா, இல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. தொழிற்பேட்டைப் பக்கம் பாதி விலைக்குக் கிடைக்கும் எண்ணெயை டீசலில் கலந்து ஓட்டலாம் என்று ஒருவர் சொல்கிறாரே, அது சரியா என்பது இரண்டாவது.

இந்த இரண்டுக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டீசல் வைத்திருந்த பீப்பாய் மட்டும் சாய்ந்து கிடந்ததாம். அதிலிருந்ததை வீணாக்க மனமில்லாமல் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்.

டீசல் போகும் பாதையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தால் நோய் எந்த இடத்தில் என்பது பிடிபடும். டேங்கிலிருந்து இறங்கும் டீசலை ஃபீட் பம்ப் இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுகிறது. ஃபில்டரில் சுத்தமாகி டீசல் பம்புக்குப் போகிறது. அதுவரை எல்லாம் மெதுவான அழுத்தம்தான்; குடிதண்ணீர்க் குழாய் மாதிரி. டீசல் பம்ப் அதை வாங்கி, அளந்து, மெல்லிய இரும்புக் குழாய் வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கும் அடிக்கிறது. இந்தப் பாதியில் அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும். டிராக்டரின் முன் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. விலை உயர்ந்த சாமான்கள் எல்லாம் இந்தப் பின்பாதியில் இருக்கின்றன. பெரும்பாலான கோளாறுகளோ முன்பாதியில் இருக்கின்றன: அழுக்கு, தண்ணீர், காற்று. ஆனால் வண்டி நின்றால் முதலில் சந்தேகப்படுவது பம்பைத்தான்.

அந்த மெக்கானிக்கையும் குறை சொல்லிவிட முடியாது. அவர் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ரோட்டரி பம்பில் ஒரே ஒரு ரோட்டர் சுழன்று மூன்று சிலிண்டருக்கும் டீசல் அனுப்புகிறது. ரோட்டருக்கும் அது சுழலும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். தலைமயிரின் தடிமன் 60, 70 மைக்ரான் இருக்கும். இந்தப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே வரும் டீசலே அதற்கு மசகு. வருடக்கணக்கில் தேய்ந்துபோன பம்பில், என்ஜின் சூடேறி டீசல் இளகியதும் அந்த இடைவெளி வழியாக டீசல் கசிந்துவிடும். அப்போது சூட்டில் அணைத்த வண்டி மறுபடி பிடிக்காது. ஆறிய பிறகுதான் பிடிக்கும். வாசகரின் வண்டியும் சூடேறிய பிறகு நின்று, சற்று விட்டுப் பிடிப்பதால், மெக்கானிக் அந்தக் கணக்கில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. தேய்ந்த பம்ப் முதலில் காட்டிக்கொடுப்பது சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லையைத்தான். ஓடும்போது பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும், இழுவை கொஞ்சம் குறையும். அது ஆறுவதற்குப் பத்து நிமிடம் போதாது, அரை மணி, முக்கால் மணி வேண்டும். இந்த வண்டியோ பாரம் ஏறும்போது பட்டினி கிடந்து சாகிறது, சிறிது நேரத்தில் தானே தெளிகிறது. வழியில் அடைப்பு இருக்கும் வண்டிதான் இப்படிச் செய்யும். சும்மா ஓடும்போது தேவைப்படும் டீசல் அந்த அடைப்பின் இடுக்கில் வந்துவிடுகிறது. சேற்றில் முழு இழுவைக்குத் தேவைப்படும் டீசல் வருவதில்லை. என்ஜின் நின்றதும் உறிஞ்சுதல் நின்றுபோகும், டேங்கின் வாயில் ஒட்டியிருந்த கசடு விலகி மிதக்கும், வழி திறக்கும். மறுபடி ஓட்டினால் மறுபடி வந்து ஒட்டும். குளத்து மதகில் தாமரை இலை வந்து ஒட்டுவது போலத்தான்.

புகையும் இதையே சொல்கிறது. கரும்புகை என்றால் உள்ளே போகும் டீசலுக்கு ஈடாகக் காற்று போகவில்லை, அல்லது நாசில் டீசலைப் பூவாகத் தூவாமல் சொட்டுகிறது. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது. தண்ணீர் கலந்திருக்கலாம், டைமிங் தள்ளியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். நீலப்புகை என்றால் எரிவது என்ஜின் ஆயில். புகையே இல்லாமல் என்ஜின் அடங்கினால், எரிவதற்கு டீசலே போய்ச் சேரவில்லை.

ஆகவே முதல் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். அடுத்த முறை சேற்றில் வண்டி துடிக்க ஆரம்பித்ததும், டேங்க் மூடியைத் திறந்துவிட வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டி தெளிந்து ஓடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் இறங்காது. சேறும் தூசியும் பட்டுக் காய்ந்த பழைய மூடிகளில் இது சாதாரணம். சில வண்டிகளில் மூடி தொலைந்துபோய், பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டு வைத்திருப்பார்கள். அதிலும் இதே கதைதான். பழைய கம்பியால் ஒரு குத்து, பெட்ரோலில் ஒரு கழுவு, வேலை முடிந்தது.

மூடியில் குறை இல்லையென்றால் இரண்டாவது சோதனை. இதற்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்றும், டீசல் குழாய் அளவுக்கு உள் விட்டமுள்ள ரப்பர் ஓஸ் ஒன்றும் போதும். பங்கிலிருந்து அன்று வாங்கிய டீசலைச் சுத்தமான கேனில் ஊற்றி, என்ஜினைவிட உயரத்தில், சைலன்சருக்கு எட்டாத பக்கத்தில் உறுதியாகக் கட்ட வேண்டும். டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கேனின் ஓஸைக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். காற்றை எடுத்துவிட்டு, சேற்றில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் முழு இழுவையோடு வண்டி நிற்காமல் ஓடினால் பம்பும் நாசிலும் குற்றமற்றவை. நோய் டேங்கிலும் அதன் குழாயிலும்தான். 20 ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தீர்மானிக்கும் சோதனை இது. எந்த மெக்கானிக்கும் அரை மணியில் செய்துவிடலாம். பம்பைக் கழற்றும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

கேனிலும் நின்றுபோனால், அடுத்து ஃபில்டர். காகித ஃபில்டரைக் கழற்றி டீசலில் அலசி, காற்றடித்து மறுபடி போடும் பழக்கம் நம் ஊர்களில் விடவே மாட்டேன் என்கிறது. அலசும்போது வெளிப்பக்கத்து அழுக்கு உள்பக்கம் போகிறது. காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. ஓரிரு மைக்ரான் இடைவெளியுள்ள பம்புக்கு அந்தக் கிழிசல் போதும். ஃபில்டரைப் புதிதாகத்தான் போட வேண்டும், அதுவும் பெயர் தெரிந்த கம்பெனியில், பில்லோடு. கையேட்டில் எத்தனை மணிக்கு ஒரு முறை என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மணி மீட்டர் ஓடாத பழைய வண்டிக்குப் பட்டத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஃபீட் பம்ப். அதிலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு டப்பாவைப் பிடித்து, செல்ஃப் அடித்தால் விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சோம்பலாகச் சொட்டினால் உள்ளே இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம், வால்வோ டயாஃப்ரமோ போயிருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நின்றால்தான் டீசல் பம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

இனி அந்தப் பீப்பாய். வெள்ளத்தில் சாய்ந்த பீப்பாயின் மூடி வழியாகத் தண்ணீர் போயிருக்கும். துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் போய்த் தங்கும். டீசல் மேலே, தண்ணீர் கீழே. இரண்டும் சேரும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளரும். டீசலே அவற்றுக்குத் தீனி, தண்ணீர் அவற்றுக்கு வீடு. அவை உண்டாக்கும் கருமையான வழவழப்பான கசடுதான் டேங்கின் வாயில் போய் ஒட்டுவது. அதோடு தகரம் துருப்பிடித்துச் செதிலாக உதிரும். அன்று ஊற்றியதன் விளைவு பல மாதம் கழித்துத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்த டிசம்பரில் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் இவருடையது மட்டுமல்ல. அதற்குப் பிறகு டேங்கைச் சுத்தம் செய்யாதவர்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பார்ப்பதும் எளிது. இரவு முழுவதும் வண்டியை நகர்த்தாமல் வைத்திருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், டேங்கின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தி அடியிலிருந்து அரை லிட்டரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும். கோடு போட்டது போலத் தெரியும். கருப்புச் செதிலோ வழவழப்போ இருந்தால் டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். டீசலாலேயே கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, நூல் உதிரும் துணியால் துடைக்கக் கூடாது. வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அதை அடைக்க வெல்டிங் பட்டறைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. காலியான டேங்கில் நிற்கும் ஆவி, நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

டேங்கைக் கழுவியும் பீப்பாய் பழையபடியே இருந்தால் ஒரு வருடத்தில் இதே கடிதம் மறுபடி வரும். பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் மேல் விளிம்புக்குள் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரையே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கூரைக்குள் வைக்க இடம் இல்லாவிட்டால், இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்க வைத்துவிடலாம். அப்போது மூடிகள் உள்பக்கம் டீசலில் மூழ்கியிருக்கும், காற்றோ தண்ணீரோ ஏறாது. எடுக்கும்போது அடியோடு கவிழ்க்காமல் கடைசி மூன்று நான்கு அங்குலத்தை விட்டுவிட வேண்டும். டேங்கையும் வேலை முடிந்த மாலையிலேயே நிரப்பி வைக்க வேண்டும். பழவேற்காட்டுக் காற்று வீசும் இந்தக் கடலோரத்தில் அரை டேங்க் காலியாக இரவு நின்றால் அந்தக் காலியிடத்துக் காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து டீசலில் இறங்கும். காலையில் நிரப்பலாம் என்று விடுபவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

காற்று புகுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் அடைப்புக்கு அடுத்தபடி இதுதான். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும் என்று எதிர்பார்க்கிறோம். பல நேரம் ஒழுகாது. அந்தப் பகுதி உறிஞ்சும் பகுதி என்பதால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வெடித்த ரப்பர் ஓஸ், பல முறை கழற்றி மாட்டி நசுங்கிய செம்பு வாஷர், இறுக்காத போல்ட், இவைதான் வாசல்கள். ஃபில்டருக்கு முன் ஒரு சாண் நீளத்துக்கு ஒளிபுகும் ஓஸைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பார்த்தால் குமிழிகள் கண்ணில் தெரியும். செம்பு வாஷரை மறுபடி போட வேண்டியிருந்தால் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். புதிய வாஷர் போடுவது அதைவிட நல்லது.

இந்த வேலைகளில் எதைச் செய்தாலும் கடைசியில் காற்றை எடுத்துவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஃபில்டரின் மேல் ஸ்குரூ, இரண்டு ஃபில்டர் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக. அடுத்து பம்பில் இருக்கும் ஸ்குரூக்கள். கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகள். ஒவ்வொரு இடத்திலும் கை லீவரை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை பொறுத்து, அடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். செல்ஃபை ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. 15 நொடி அடித்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி அடிக்கலாம். காற்றை எடுக்கப் பொறுமையில்லாமல் செல்ஃபைக் கருக்கி, அதற்கும் பேட்டரிக்கும் சேர்த்துச் செலவு வைத்துக்கொள்பவர்கள் உண்டு.

வண்டி நிற்காமல் ஓடினாலும் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு அடித்தால் அது வேறு நோய். ரோட்டரி பம்பில் ஒரே ரோட்டர்தான் எல்லாருக்கும் பரிமாறுகிறது. பம்ப் கெட்டால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து சோரும். ஒன்று மட்டும் சோர்ந்தால் அதன் நாசிலையோ வால்வையோதான் பார்க்க வேண்டும். மெதுவான ஓட்டத்தில் இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், ஓசை மாறும் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாத சிலிண்டர் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நோயும் கூடவே நகர்ந்தால் நாசில். நகராமல் அங்கேயே நின்றால் வால்வு, ரிங், கம்ப்ரஷன் என்று என்ஜினைத்தான் பார்க்க வேண்டும். நாசிலுக்குச் செலவு செய்து பயனில்லை.

இந்தச் சோதனையின்போது ஓர் எச்சரிக்கை. உயர் அழுத்தக் குழாயில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குத்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போய்விடும் நிலைமை வரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். தப்பித் தவறிக் கையில் பட்டுவிட்டால், வலிக்கவில்லையே என்று வீட்டில் இருக்காமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சோதனை எல்லாம் முடிந்து, பம்ப்தான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால் என்ன செய்வது? அப்போதும் வண்டியைத் தள்ளிவிட அவசரப்பட வேண்டாம். பழைய டிராக்டர்களில் இருக்கும் டி.பி.ஏ. வகை ரோட்டரி பம்ப் இங்கிலாந்தின் சி.ஏ.வி. நிறுவனம் வடிவமைத்தது, இங்கே லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்தது. இன்லைன் பம்ப் என்றால் பெரும்பாலும் பெங்களூரு மைக்கோ, அதாவது இன்றைய பாஷ். நிறைய வண்டிகளில் ஓடியவை என்பதால் சென்னையில் இவற்றுக்கு உதிரிப்பாகமும் கைதேர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள். பம்பைக் கிராமத்துக் கொட்டகையில் பிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். கழற்றும் முன் பிளேஞ்சில் இருக்கும் டைமிங் கோடு தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் குறி போட்டுக்கொள்ள வேண்டும். குழாய் வாய்கள் அனைத்தையும் மூடிக் கட்ட வேண்டும். பம்பின் தகட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளந்த கணக்குத் தாளையும், மாற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று அந்தத் தாளில் இருக்கும். தாள் தராத கடையில் பம்பைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பம்பின் வெளிப்பக்கம் எப்போதும் நனைந்திருந்தால் அதற்குத் தேய்மானம் அல்லாத காரணமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 டீசல் வருகிறது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ்.-4 டீசலில் 50 வரை அனுமதி. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வேறு சில கூறுகளும் குறைகின்றன. பழைய டீசலில் பல வருடம் ஊறி உப்பியிருந்த ரப்பர் சீல், புதிய டீசலில் சுருங்கிக் கசியும். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோதும் பழைய வண்டிகளில் இந்தக் கசிவு பரவலாக வந்தது. சீல் கிட் மாற்றினால் போதும். டீசலின் மசகுத்தன்மை குறைந்துவிட்டது என்று டூ-டி ஆயில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். மசகுத்தன்மைக்கான அளவும் தரநிர்ணயத்திலேயே உண்டு. ஆலையிலேயே அதற்கானதைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பங்க் டீசல் போதும். மண்ணெண்ணெய் கலப்பதோ நேர் எதிரான வேலை. அது மசகைக் குறைத்து ரோட்டரைத் தேய்க்கும்.

அப்படியிருக்க, பாதி விலை எண்ணெயைப் பற்றி என்ன சொல்வது? தொழிற்பேட்டைகளில் உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் பயன்படும் எண்ணெய்கள் பல உண்டு. பழைய டயர்களைக் காற்றில்லாமல் சூடாக்கி வடிக்கும் எண்ணெயும் அவற்றில் ஒன்று. உலையில் அது எரியும். வண்டியில் எரியவும் செய்யும், அதுதான் சிக்கல். முதல் நாள் ஓடுவதைப் பார்த்து நம்பிவிடுகிறோம். அதில் கந்தகம் பங்க் டீசலைவிடப் பல நூறு மடங்கு இருக்கும். நுண்ணிய கரித்தூள் இருக்கும். தாமதமாகப் பற்றும், ஆகவே என்ஜின் தட்டும். நாசில் துளையில் கரி கட்டும், பிசின் போல் படிந்து ரோட்டரைப் பிடிக்கும். அதோடு, டீசலில் கலப்படம் செய்வது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2005-ஆம் ஆண்டு ஆணைப்படி குற்றம். பம்ப் செலவுக்கு அஞ்சும் ஒருவர், பம்பை உறுதியாகக் கெடுக்கும் ஒன்றை லிட்டர் கணக்கில் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. இந்த வாசகர் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் டேங்கை முழுவதும் காலி செய்து, ஃபில்டரை மாற்றிய பிறகே அடுத்த முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் நாற்றங்கால் வயது ஏறிக்கொண்டே போகும். அதற்காக அவசரத்தில் பம்பைக் கழற்ற ஒத்துக்கொள்ள வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். பட்டம் தொடங்கியதும் எல்லாரும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து இன்னொரு வாசகர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: வண்டியில் என்ஜின் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போகிறது, நல்லதுதானே?

நல்லதல்ல. ஆயில் தானாகக் கூடாது. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கும். ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும், டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போனாலும், டீசல் என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். நாசில் சொட்டினாலும் கொஞ்சம் இறங்கும். ஆயில் தண்ணீராக இளகி பேரிங்குகள் பிடித்துவிடும். அளவு மிகவும் ஏறினால் என்ஜின் அந்தக் கலவையையே உறிஞ்சி எரித்து, ஸ்டாப்பை இழுத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கும் அபாயமும் உண்டு. வாடை வெள்ளையாக, ஆயில் பால் போல் இருந்தால் அது டீசல் அல்ல, ரேடியேட்டர் தண்ணீர். அது தனி வைத்தியம். டீசல் வாடை என்றால் வண்டியை இனி ஸ்டார்ட் செய்யக் கூடாது. முதலில் ஃபீட் பம்பைக் கழற்றி டயாஃப்ரத்தைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த சாமான் அதுதான், பெரும்பாலும் குற்றவாளியும் அதுவே. அது நன்றாக இருந்தால் ஷாஃப்ட் சீல். கசிவை அடைத்த பிறகு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பத்து மணி நேரம் ஓட்டிய பின் டிப் ஸ்டிக்கில் அளவைக் குறித்துக்கொண்டு, ஏறுகிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும்.